புது பில்லிங் ஸ்கிரீன் வந்ததிலிருந்து எரிச்சலாகவே இருக்கிறது, எனக்கு மட்டும்தானா?

பில்லுக்காரி

வணக்கம். மதுரையில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் பதினேழு வருஷமாக பில் போடுகிறேன். போன சித்திரை வரைக்கும் எங்களிடம் இருந்தது விண்டோஸுக்கு முந்தின டாஸில் ஓடுகிற பழைய பில்லிங். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸே கிடையாது. மாசக் கடைசியில் பென் டிரைவில் போட்டு ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவோம், ஜிஎஸ்டி வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைக்கு வருகிற மருந்துக் கம்பெனி ரெப் பையன்கள் "என்னக்கா, மியூசியத்துல இருந்து தூக்கிட்டு வந்ததா" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். மருந்துப் பெயரில் முதல் நாலு எழுத்து, என்டர், பேட்ச் தானாக வரும், என்டர், எத்தனை ஸ்ட்ரிப், என்டர், டிஸ்கவுண்ட் இருந்தால் அடி, இல்லாவிட்டால் இன்னொரு என்டர். கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நான் எதிரே நிற்கிறவரிடம் போன மாசப் பாக்கி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது முதலாளியின் மகன் புதுசு வாங்கிப் போட்டிருக்கிறார். பிரவுசரில் ஓடுகிறது, தொடுதிரை, கலர் கலராக மாத்திரை அட்டைப் படமெல்லாம் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு வட்டம் சுற்றுகிறது. அது சுற்றும்போது தட்டினால் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுப்பதில்லை. அதைவிடக் கொடுமை, நான் ஒரு மருந்தைத் தொடப் போகும் நேரம் பார்த்து மொத்த லிஸ்ட்டும் சடக்கென்று கீழே இறங்கும், விரல் வேறு எதிலோ பட்டுவிடும். எக்ஸ்பைரி நெருங்கிய பேட்சை எடுத்தால் சிவப்பில் "தவறு!" என்று ஆச்சரியக்குறியோடு வந்து டொய்ங் என்று ஒரு சத்தம் வேறு. கடையில் நிற்கிற நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தின மாதிரி இருக்கிறது. இத்தனைக்கும் அது தவறே இல்லை, அந்தப் பேட்சைத்தான் முதலில் தள்ள வேண்டும்.

கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆடிட்டருக்குக்கூட இப்போது சந்தோஷம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுகிறேன். "நீ அந்த மெஷின் வந்ததுல இருந்துதாம்மா இப்படி" என்று மகள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வேலை அதேதான், சம்பளம் அதேதான், ஆளும் அதேதான். 46 வயசாகிவிட்டது, பழகவில்லை, அவ்வளவுதானா? இல்லை, திரை எப்படி இருக்கிறது என்பதே ஆளின் மனசை இப்படி ஆட்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீபோர்டுக்காரன்

வயசெல்லாம் காரணம் இல்லைக்கா. நானும் சென்னையில் இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன்தான், அதனால் குற்றவாளிக் கூண்டில் நின்று பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் அடிக்கிற எழுத்துகளை வாங்கி வரிசையில் நிறுத்திவைக்க அந்தக் காலத்து மெஷினில் ஒரு சின்ன இடம் உண்டு, 15 தட்டு வரைக்கும் தாங்கும். அது நிரம்பினால்தான் பீப் என்று கத்தும். அதாவது, திரை இன்னும் முதல் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் நாலு என்டர் தட்டிவிட்டு முகத்தை நிமிர்த்தியிருப்பீர்கள், அது பின்னாடியே ஒவ்வொன்றாக எடுத்துச் செய்துகொண்டு வரும். உங்கள் தட்டு எதுவும் காணாமல் போகாது. நீங்கள் முன்னால் போனீர்கள், மெஷின் பின்னால் ஓடி வந்தது. இப்போது தலைகீழ். வட்டம் சுற்றும்போது தட்டின தட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு முறையும் கண் திரைக்குப் போய் "எடுத்ததா" என்று பார்த்தாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஐட்டம் பில் போடுவீர்கள்? அத்தனை தடவை அந்தச் சின்னச் சந்தேகம். சாயங்காலம் வள்ளென்று விழாமல் என்ன செய்வீர்கள்.

வேகத்தைப் பற்றி 1968லேயே ராபர்ட் மில்லர் என்பவர் எழுதிவைத்துவிட்டார், 1993ல் யாகோப் நீல்சன் என்கிற திரை வடிவமைப்பு ஆராய்ச்சியாளர் அதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி மூன்று எண்ணாகச் சொன்னார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நாமே கையால் செய்த மாதிரி இருக்கும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது, ஆனால் காத்திருக்கிறோம் என்று தெரியும். 10 விநாடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இதெல்லாம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் கிடையாது.

என் அனுபவத்தில் மெதுவாக இருப்பதைவிட மோசம், ஒரே சீராக இல்லாமல் இருப்பது. எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வரும் என்று தெரிந்தால் குடத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இட்லி சாப்பிடலாம். எப்போது வரும் என்று தெரியாத வாரத்தில் நாள் முழுக்கக் காது வாசலிலேயே கிடக்கும். தண்ணீர் என்னவோ ரெண்டு வாரமும் அதே அளவுதான். உங்கள் வட்டமும் அப்படித்தான், ஒரு முறை கால் விநாடி, அடுத்த முறை மூன்று விநாடி. வட்டம் என்பதே ஒன்றும் சொல்லாத சமாச்சாரம், "இரு" என்கிறது, எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை இருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று 1985லேயே பிராட் மையர்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

லிஸ்ட் கீழே இறங்குவது முழுக்க எங்கள் சோம்பேறித்தனம். மாத்திரைப் படம் தாமதமாக வந்து சேர்கிறது, அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கவில்லை, அது வந்து உட்காரும்போது கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடுகிறது. படத்தின் அகலம் உயரத்தை எழுதிவைத்தால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. சப்போர்ட் ஆளைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். கீபோர்டிலேயே பில் போட வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பாதி இடங்களில் இருக்கும், யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

சாக்பீஸ்

கறுப்புத் திரைக்கு இப்படிக் கோயில் கட்டிக் கும்பிடாதீர்கள் சாமி. நான் 1996லிருந்து ஏழு வருஷம் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவன். அந்தத் திரை முன்னால் எத்தனை பேர் வியர்த்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். என்ன அடிக்கலாம், என்ன அடிக்கக் கூடாது, எதுவும் அதில் எழுதியிருக்காது. பரீட்சை ஹாலில் வெள்ளைப் பேப்பரைக் கொடுத்துவிட்டுக் கேள்வித்தாளை மறைத்துவைத்த மாதிரி. ஒரு பெண், பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவள், ஏதோ ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டாள். "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்" என்று வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு "சார், நான் என்ன கெட்டது பண்ணிட்டேன்?" என்றாள். அந்த வாரம் முழுக்கக் கீபோர்டை ஒற்றை விரலால்தான் தொட்டாள், சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி. விண்டோஸ் 95 வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை, அதில் "இல்லீகல் ஆபரேஷன்" என்று ஒரு செய்தி வரும், நினைவிருக்கிறதா? ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான், "சார், எங்கப்பா கான்ஸ்டபிள், வீட்ல சொல்லிடாதீங்க".

ஆனால் மவுஸ் வந்த பிறகு வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை. முதல் நாள் நான் பாடமே எடுக்க மாட்டேன், சீட்டாட்டத்தைத் திறந்து கொடுத்துவிடுவேன். 1990ல் விண்டோஸ் 3.0வோடு சாலிட்டேரைச் சேர்த்ததில் அதுவும் ஒரு நோக்கம், சீட்டைப் பிடித்து இழுத்துப் போட்டுக் கை பழகட்டும் என்று. அரை மணியில் பயம் போய்விடும். பென் ஷ்னைடர்மன் என்கிற கம்ப்யூட்டர் பேராசிரியர் 1983ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரிகிற பொருளை நேரடியாகப் பிடித்து நகர்த்துகிற மாதிரி வடிவமைத்தால், செய்ததை உடனே திருப்பிக்கொள்ளவும் முடிந்தால், ஆளுக்குப் பதட்டம் குறையும், கம்ப்யூட்டர் தன் பிடியில் இருக்கிற தைரியம் வரும் என்பார். நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். என்னைக் கேட்டால் கம்ப்யூட்டரில் மனுஷனுக்கு ஆறுதலான விஷயம் அன்டூதான். தெரியாமல் அழித்ததைத் திரும்பக் கொடுக்கும் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பெண் ரெண்டு கையையும் கீபோர்டில் வைத்தாள்.

அதனால் அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அமைதியைத் தந்தது கறுப்புத் திரை அல்ல, பதினேழு வருஷப் பழக்கம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை அதன் முன் உட்காரவைத்துப் பாருங்கள்.

பில்லுக்காரி

சார், சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். கடையில் புதுசாகச் சேர்ந்த பையன் ஒருத்தன், இருபது வயசு. பங்குனியில் பழையதை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தான். புதுசு வந்த முதல் நாளே பில் போட்டுவிட்டான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டொய்ங் கேட்டால் அவனும் தோள்பட்டையைத் தூக்கிக்கொள்கிறான். அதற்கும் பழக்கத்துக்கும் சம்பந்தம் இல்லையே?

நெட்டைப்பனை

இல்லைக்கா, அது வேறு. நான் திரை வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன், உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பெஞ்சு மேல் ஏற்றின அந்த வரிதான்.

மெஷின் என்று புத்திக்குத் தெரியும், ஆனால் அது பேசுகிற தொனிக்கு நாம் ஆளுக்குக் கொடுக்கிற பதிலைத்தான் கொடுக்கிறோம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிளிஃபர்ட் நாஸும் கூட இருந்தவர்களும் இதை விதவிதமாகச் சோதித்தார்கள். ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தரும், முடிந்ததும் அது எப்படி இருந்தது என்று மதிப்பிடச் சொல்வார்கள். அதே கம்ப்யூட்டரே கேட்டால் நல்லபடியாகச் சொன்னார்கள், பக்கத்தில் இருந்த வேறொரு கம்ப்யூட்டர் கேட்டால் கொஞ்சம் உள்ளதைச் சொன்னார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சம்! ஒரு டப்பாவிடம்! அப்படியானால் அது நாலு பேர் முன்னால் "தவறு!" என்று கத்தும்போது முகம் சுண்டத்தானே செய்யும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரோசலிண்ட் பிக்கார்டும் ஜொனாதன் கிளைனும் யங்மி மூனும் 2002ல் வெளியிட்டது: விளையாட்டு நடுவில் வேண்டுமென்றே இழுத்தடித்து ஆட்களைக் கடுப்பேற்றினார்கள். பிறகு சிலரிடம் கம்ப்யூட்டரே "எப்படி இருந்தது, கஷ்டமாக இருந்ததா" என்று கேட்டு, வருத்தம் தெரிவித்தது. வெறும் எழுத்தில்தான், குரல்கூட இல்லை. அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் திரும்ப உட்கார்ந்து விளையாடினார்கள். நான் இதை வைத்து "மன்னிக்கவும்" என்று எல்லா இடத்திலும் போடச் சொல்ல மாட்டேன், பத்தாவது மன்னிக்கவும் வந்தால் எனக்கே கோபம் வரும். ஆனால் தொனி சும்மா அலங்காரம் இல்லை என்பது தெரிகிறது.

இன்னொன்று, நீங்கள் "அழகாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் வம்பே. 1995ல் ஜப்பானில் ஹிட்டாச்சியில் வேலை பார்த்த மசாக்கி குரோசுவும் கவோரி கஷிமுராவும் ஏடிஎம் பொத்தான்களை 26 விதமாக அடுக்கி 252 பேரிடம் காட்டினார்கள், எது அழகு, எது சுலபம் என்று கேட்டார்கள். நிஜமாகவே சுலபமானதைவிட, அழகாக இருந்ததைத்தான் சுலபம் என்று நினைத்தார்கள். நோம் ட்ராக்டின்ஸ்கி என்பவர் இது ஜப்பானியர்களின் அழகுப் பித்தாக இருக்கும், எங்கள் ஊரில் பலிக்காது என்று நினைத்து இஸ்ரேலில் செய்து பார்த்தார், அங்கே இன்னும் பலமாகவே பலித்தது, 1997ல் எழுதினார். உங்கள் முதலாளி மகன் நாலு டெமோ பார்த்திருப்பார், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கால் மணி நேரத்தில் கண்ணுக்கு அழகுதான் தெரியும், லிஸ்ட் இறங்குவது எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அதோடு, அழகான ஒன்று கைக்கு ஒத்துவராதபோது ஆள் அதைக் குறை சொல்வதில்லை, "எனக்கு வயசாகிவிட்டதோ" என்று கேட்கிறார். பழைய சாஃப்ட்வேர் தொல்லை கொடுத்திருந்தால் அதைத்தானே திட்டியிருப்பீர்கள்?

பெட்டிக்கடை

பெரிய ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி எதிரே கடை. சத்தம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

யூபிஐ வந்த புதிதில் வாங்குகிறவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார், நான் கண்ணைச் சுருக்கி அந்தப் பச்சை டிக்கைப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்தால் "என்ன, நம்ப மாட்டியா" என்கிற மாதிரி அவர் முகம் போகும், பார்க்காமல் விட்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஒருத்தன் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் இந்தப் பேசுகிற பெட்டியை வாங்கி வைத்தேன். ஷிப்ட் விடுகிற நேரம் எட்டு மணிக்கு முப்பது பேர் மொய்ப்பார்கள், நான் பாட்டுக்கு பீடிக்கட்டு எடுத்துக்கொண்டிருப்பேன், அது தமிழில் இத்தனை ரூபாய் வந்தது என்று சொல்லும், முடிந்தது. யார் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்தக் குரல் எனக்கு வேலைக்கு ஆள் வைத்த மாதிரி.

ஆனால் வீட்டுக்காரிக்கு அது பிடிக்காது, தெருவுக்கே வருமானத்தை ஏலம் போடுகிறது என்பாள். பக்கத்து சலூன்காரர் "இன்னிக்கு நல்ல ஓட்டம் போல" என்று கேட்கவும் செய்கிறார். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் அது வாயைத் திறக்காது பாருங்க, அப்போது அந்தப் பெட்டியைப் பார்த்தாலே மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கல்லாப்பெட்டி காலியாக இருந்தால்கூட இவ்வளவு தோன்றியதில்லை.

வாய்தா

இதுவரை பேசியதெல்லாம் தெரியாமல் படுத்துகிறவை. தெரிந்தே படுத்துகிறவையும் உண்டு, அதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். "இன்னும் 2 மட்டுமே மீதம், 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று படபடக்க வைப்பது, இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் "பரவாயில்லை, என் குடும்பத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை" என்று எழுதிய பொத்தானை அழுத்த வைப்பது. இதற்கு 2010ல் ஹாரி பிரிக்னல் டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் கடைசியில் இப்படிப்பட்ட 13 வகைகளைப் பட்டியல் போட்டு, கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய் அவசரமும், கூச்சப்பட வைத்துச் சம்மதம் வாங்குவதும் அதில் இருக்கின்றன. போன மாசம்கூட அந்தக் குடும்பக் கவலைப் பொத்தானை ஒரு டிக்கெட் தளத்தில் அழுத்தினேன், வழிகாட்டுதல் எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு நொடி விரல் தயங்கியது.

கீபோர்டுக்காரன்

சாக்பீஸ் சார் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகினவருக்கும் பழகாதவருக்கும் ஒரே வாசல்தான் வைப்பேன் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதுதான் பிரச்சினை. அந்தப் பையனுக்குப் படம், அக்காவுக்கு என்டர் என்று ரெண்டும் ஒரே திரையில் இருக்க எந்தத் தடையும் இல்லை. அப்புறம் அந்த டொய்ங்: எச்சரிக்கைக்கும் தவறுக்கும் ஒரே சத்தம் வைத்தால், நிஜத் தவறு வரும் நாளில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மருந்துக் கடையில் அது விளையாட்டில்லை.

பில்லுக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஸ்டாக் கணக்கெடுப்பு நடந்தது.

சப்போர்ட் பையன் வந்தான். நீங்கள் எழுதினதை அப்படியே போனில் காட்டினேன், படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கீபோர்ட் வழி இருந்திருக்கிறது! செட்டிங்கில் நாலாவது பக்கத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். இப்போது நாலு எழுத்து, என்டர், என்டர் என்று போகிறது, முன்போல் முழுக்க இல்லை, டிஸ்கவுண்டுக்கு மட்டும் இன்னும் தொட வேண்டும். சத்தத்தை அடைத்துவிட்டான். "தவறு!" இருந்த இடத்தில் மஞ்சளில் "எக்ஸ்பைரி 2 மாதம்" என்று மட்டும் வருகிறது, அதுதானே எனக்கு வேண்டியது. லிஸ்ட் இறங்குவது அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்றான். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. சாக்பீஸ் சாருக்காகச் சொல்கிறேன், அன்டூ எங்கே இருக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேற்று பில் நடுவில் நிமிர்ந்து, மேலூரிலிருந்து வருகிற மெடிக்கல்காரரிடம் பாக்கியைக் கேட்டேன். "என்னக்கா, மூணு மாசமா நீங்க வாயே திறக்கலையேன்னு நிம்மதியா இருந்தேன்" என்றார்.